செவ்வாய்க்கிழமை, நாலு பன்னிரண்டு

ரென்ஸ்கெ ஹூக்செமா இப்போதெல்லாம் ஒரு ஃப்ளாப்பியைக்கூடத் தனியாகத் திறப்பதில்லை. என்னைக் கூப்பிடுவாள். நான் எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். தகட்டைத் தூக்கிப் பிடித்து, அதன் மூலையில் இருக்கும் சின்ன ஓட்டையைக் காட்டுவாள். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருப்பவற்றின் பட்டியலைத் திரைக்கு வரவழைத்து, "பாத்தியா?" என்பாள். "பாத்தேன்" என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. ஒரு நாளைக்கு முப்பது தடவை. என் முழங்கால்கள் அறுபத்தோரு வருஷம் உழைத்தவை, அவை முனகுகின்றன, நானும் முனகுகிறேன். ஆனாலும் எழுந்து போகிறேன்.

நாங்கள் இருவரும் நோர்டர்சைல் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தில் வேலை செய்கிறோம். பேராசிரியர்கள் செத்தால் அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் எங்களிடம் வரும். உயிரோடு இருக்கும்போதே ஒழுங்குபடுத்தி அனுப்புகிற நல்ல மனிதர்கள் பத்து வருஷத்துக்கு ஒருவர். மற்றவர்களுடையதை மகனோ மகளோ வாழைப்பழப் பெட்டிகளில் அள்ளிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, கார் எஞ்சினைக்கூட அணைக்காமல் திரும்பிப் போவார்கள். உள்ளே ஃப்ளாப்பிகள், செத்த மடிக்கணினிகள், கடவுச்சொல் தெரியாத மின்னஞ்சல்கள், ஒருமுறை ஒரு பல்செட். எது நிற்கலாம், எது அழியலாம், எது எத்தனை வருஷம் பூட்டில் கிடக்க வேண்டும் என்று பிரிப்பது எங்கள் பிழைப்பு.

ரென்ஸ்கெ இதில் எங்கள் எல்லோரையும்விடக் கறாரானவள். ஐம்பத்தைந்து வயது. கால்வாய் ஓரமாகப் பதினொரு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வருவாள். வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவாள், வானிலை பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். மதியம் சீஸ் வைத்த ரொட்டி, பத்தொன்பது வருஷமாக அதே டப்பாவில். இங்கே வருவதற்கு முன் சட்டத் துறையில் ஒன்பது வருஷம் டைப் அடித்திருக்கிறாள். நீலத் திரையும் வெள்ளை எழுத்துமாக ஒரு கம்ப்யூட்டர் நிரல் இருந்ததே, அந்தக் காலத்து அலுவலகம் பூராவும் அதில்தான் ஓடியது, அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. திரையைப் பார்க்காமலே அடிப்பாளாம். அந்தத் திறமை பின்னால் அவளை என்ன செய்தது என்பதற்கு வருகிறேன்.

எங்கள் அறைச் சுவரில் அவள் கைப்பட எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "முதலில் ஓட்டை. பிறகு பிரதி. அதன் பிறகுதான் கண்." ஃப்ளாப்பியின் மூலையில் நகத்தால் தள்ளுகிற ஒரு சின்ன அடைப்பு உண்டு. அதைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் அந்தத் தகட்டில் ஒன்றும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். திறக்காமல் விட்டால், நாம் தெரியாத்தனமாக எதையாவது அழுத்தி, முப்பது வருஷத்துக்கு முந்தைய தேதி போய் இன்றைய தேதி உட்கார்ந்துவிடும். ஒரு மனிதர் என்ன எழுதினார் என்பது எங்களுக்குப் பாதிதான், எப்போது எழுதினார் என்பது மீதிப் பாதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ரென்ஸ்கெ அதட்டிச் சொல்வாள்: "ஓட்டை தெரியலன்னா கையை மடியில வெச்சுக்கோ."

இனி அவள் தம்பியின் கதை. ஏழு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னாள், அதுவும் ஒரே ஒரு தடவை, காரில் போகும்போது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

தம்பி மென்னோ. இருபத்திரண்டு வயது, நில அளவை படித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக மனம் சரியில்லை. நோர்டர்சைல் மனநல மருத்துவமனையில் பேராசிரியர் ஆல்டரிங்கிடம் சிகிச்சை. 1995 நவம்பர் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, தன் அறையில் உயிரை விட்டான். வெள்ளிக்கிழமை மதியம்தான் கண்டுபிடித்தார்கள்.

அப்பா டெர்க் ஹூக்செமா பால் லாரி ஓட்டுநர். அவன் சாவதற்கு இரண்டு நாள் முன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பால் நிலையத்து அலுவலகத்திலிருந்து மருத்துவமனைக்கு போன் செய்து, மகன் குரல் சரியில்லை, சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டான், பேராசிரியரை இன்றே கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொன்னதாக அவர் சொன்னார். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் மருத்துவமனையின் புகார்க் குழு கூடியது. ஆல்டரிங் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். அவருடைய செயலாளர் டைப் அடித்த தொலைபேசிக் குறிப்பு. போன் வந்தது உண்மை, என்ன சொன்னார் என்பதும் உண்மை. ஆனால் தலைப்பில் இருந்த தேதி 17 நவம்பர், வெள்ளி. பையன் செத்த மறுநாள். செயலாளருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. உள்ளூர் அழைப்பு பில்லில் தனியாக வராது.

"நாப்பது பண்ணைக்கு நிமிஷம் தப்பாம போறவன் நான்," என்று டெர்க் குழுவிடம் சொன்னாராம். "எனக்குச் செவ்வா எது, வெள்ளி எதுன்னு தெரியாதா?"

ஆல்டரிங் கோபப்படவில்லை. மிக மென்மையாக, "துக்கத்துல நாளெல்லாம் கலங்கிப் போகும், மிஸ்டர் ஹூக்செமா. அதுக்காக உங்கள நீங்களே தண்டிச்சுக்காதீங்க," என்றார். அந்தக் கனிவைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒரு மனிதனைப் பொய்யன் என்று திட்டினால் அவன் எதிர்த்துச் சண்டை போடலாம், பாவம் குழம்பிவிட்டான் என்று தோளில் தட்டினால் அவன் என்ன செய்வான்?

ரென்ஸ்கெ அப்பாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காகிதம் தன் முன்னால் வந்தபோது தேதியைப் படித்தாள், கையை எடுத்துக்கொண்டாள். "காகிதத்தத்தான் நம்பினேன்," என்றாள் என்னிடம். அம்மாவும் காகிதத்தைத்தான் நம்பினாள். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை போன் செய்த ஆள் என்று முடிவுகட்டி, மாடியறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு, 2009-இல் சாகும்வரை அங்கேயே படுத்தாள். டெர்க் ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் ஒருமுறை, "செவ்வாக்கிழமதான்," என்று சொல்வார்.

ஆல்டரிங்கின் பெட்டிகள் 2023 மார்ச்சில் வந்தன. பதினான்கு வாழைப்பழப் பெட்டி, நான்கு கம்ப்யூட்டர், இருநூறு சொச்சம் ஃப்ளாப்பி. பெரிய பெயர். மருத்துவமனையில் அவர் பெயரில் ஒரு கூடம் இருக்கிறது, வாசலில் பித்தளையில் முகம். ரென்ஸ்கெ அன்றே எங்கள் தலைவி யோரினிடம் போய்ச் சொல்லிவிட்டாள்: என் தம்பி இவருடைய நோயாளி, என்னை விட்டுவிடு. யோரின் நியாயமானவள், ஆனால் ஆள் பற்றாக்குறை. நோயாளிகள் சம்பந்தப்பட்ட எதையும் ரென்ஸ்கெ தொட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன், அவள் சொற்பொழிவுகளையும் கட்டுரைகளையும் மட்டும் பார்க்கட்டும் என்று பிரித்துக் கொடுத்தாள். ரென்ஸ்கெ அதை எழுத்தில் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 21, என் பிறந்தநாள். எங்கள் ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரன்தான் கேக் வாங்கி வர வேண்டும், பத்து மணிக் காப்பிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் எனக்கு மட்டுமில்லாமல் ஒருவருக்கொருவர் கை கொடுத்து, நம் ரைண்டருக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வராமல் இருப்பது அவமரியாதை.

அந்த வாரம் எங்கள் பிரதி எடுக்கும் கருவி கெட்டுப்போய் உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தோம். "சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பதிலா, பழைய மெஷின்ல போட்டு எந்தெந்த ஃப்ளாப்பி படிக்குதுன்னு பட்டியல் மட்டும் எடுத்து வையேன்," என்று அவளிடம் சொன்னது நான்தான். ஓட்டை திறந்திருந்தால் அதில் ஆபத்து ஒன்றுமில்லை. அவள் 'சொற்பொழிவுகள் 1994–96' என்று எழுதிய பெட்டியை எடுத்து, இருபது தகடுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக நகத்தால் அடைப்பைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது முடிந்திருந்தது. இருபதாவது இறுகிப்போயிருந்தது. பேப்பர் கிளிப் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் கதவில் தலையை நீட்டினேன்.

"அம்மணி, கேக் காத்துக்கிட்டிருக்கு."

"அது எங்கயும் ஓடிப் போகாது."

"கேக் ஓடாது, க்ரீம் ஓடும். யோரின் ஏற்கெனவே ரெண்டாவது துண்ட மொறைச்சுக்கிட்டிருக்கா."

"அறுபத்தோரு வயசு. சின்னப் பிள்ளையவிட மோசம் நீ," என்று எழுந்து வந்தாள்.

கேக் தின்றாள், எல்லோருக்கும் கை கொடுத்தாள், இருபது நிமிஷத்தில் மேசைக்குத் திரும்பினாள். இருபது தகடும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் தள்ளியாகிவிட்டது என்று அவள் மனதுக்குப் பட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை.

இருபதாவது தகட்டின் பட்டியல் திரையில் வந்தது. பத்துப் பதினைந்து சொற்பொழிவுகள். கடைசியாக ஒரு வரி, சொற்பொழிவு அல்ல. ரோமன் எழுத்தில் அவள் குடும்பப் பெயரின் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, தொலைபேசி என்பதன் முதல் மூன்று எழுத்து. செயலாளர் அன்றைக்குக் கைக்குக் கிடைத்த, இடம் இருந்த ஏதோ ஒரு தகட்டில் சேமித்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த வரியின் வலது ஓரத்தில் தேதியும் நேரமும்: 14-11-95, 16:12.

செவ்வாய்க்கிழமை.

அந்த இடத்தில் அவள் எழுந்திருக்க வேண்டும். நான் பத்து மீட்டர் தள்ளி, காப்பியறையில், கத்தியில் ஒட்டிய க்ரீமை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். "ரைண்டர், இங்க வா," என்று ஒரு குரல் போதும். அவள் கூப்பிடவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒரு தேதியைச் சுமந்தவளுக்கு அந்த நிமிஷத்தில் சுவரில் ஒட்டிய தாள் எங்கே தெரியப் போகிறது? கோப்பைத் திறந்தாள். நீலத் திரை, வெள்ளை எழுத்து.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "திரு. ஹூக்செமா தொலைபேசியில். மகனின் குரல் சரியில்லை என்கிறார். சைக்கிளைக் கொடுத்துவிட்டானாம். இன்றே கூப்பிடச் சொன்னார், ஆறு மணிவரை பால் நிலையத்தில் இருப்பார். பேராசிரியரிடம் சொன்னேன். திங்கள் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்." இவ்வளவுதான். தலைப்பில் தேதி: 21 செப்டம்பர் 2023.

இன்றைய தேதி. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது வருஷம் அந்த நிரலில் உழைத்தவள் அல்லவா. செயலாளர் தேதியைக் கையால் அடிக்கவில்லை. தானாகத் தேதி போட்டுக்கொள்ளும் ஒரு கட்டளையைத் தலைப்பில் வைத்திருந்தாள், சோம்பேறி அலுவலகங்களில் எல்லோரும் வைப்பார்கள். என்றைக்குத் திறந்தாலும், என்றைக்கு அச்செடுத்தாலும், அன்றைய தேதி வரும். செவ்வாய்க்கிழமை டைப் அடித்த குறிப்பு. வெள்ளிக்கிழமை, பையன் செத்த செய்தி வந்த பிறகு, யாரோ அதை அச்செடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் வெள்ளி என்று விழுந்துவிட்டது. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அவள் அப்பாவைக் குழம்பியவர் ஆக்கினார்கள்.

இதெல்லாம் ஆல்டரிங்குக்குத் தெரியுமா? தேதிக் கட்டளை தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை செயலாளர் தன் கதவில் நின்று சொன்னது தெரியாதா? திங்கள் பார்க்கலாம் என்று சொன்ன வாய் அவருடையதுதானே? அதே தகட்டில் முதல் சொற்பொழிவின் தலைப்பு, 'குடும்பத்தார் சொல்வதைக் கேட்பது எப்படி'. நான் பின்னால் அதைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், பாவி.

ரென்ஸ்கெ இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்து, கோப்பை மூடினாள். மூடினாள் என்று நான் சொல்கிறேன், அவள் விரல்கள் செய்ததை அவள் கவனிக்கவே இல்லை. அந்த நிரலில் வெளியேறும் விசையை அழுத்தினால், சேமிக்கவா என்று கேட்கும். ஆமாம். அதே பெயரிலா? சரி. பழையதை மாற்றவா? ஆமாம். நாலு விசை, அரை வினாடி. சட்டத் துறையில் ஒன்பது வருஷம், ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்திய அதே நாலு விசை. இருபது வருஷமாக அந்த விரல்களுக்கு வேலை இல்லை, ஆனால் அவை ஒன்றையும் மறக்கவில்லை.

ஓட்டை மூடியிருந்தது. தகடு எழுத விட்டது.

"ரைண்டர், வா. வந்து இதப் பாரு," என்ற குரல் கேட்டு நான் போனேன். அவள் முகம் சிவந்திருந்தது, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா. செவ்வாக்கிழமதான். பாரு," என்று மறுபடி பட்டியலைக் கொண்டுவந்தாள். கடைசி வரியின் மேல் விரலை வைத்தாள்.

21-09-23, 10:41.

அவள் விரல் அங்கேயே இருந்தது. நான் அந்த வரியைப் படித்தேன், மறுபடியும் படித்தேன், தகட்டை வெளியே எடுத்தேன், மூலையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அந்தத் தகட்டைக் குடைந்தேன். அழிந்ததைத் தோண்டி எடுப்பதில் இந்த மாகாணத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் ஒருவரோ இருவரோ. கோப்பின் உடம்பில் பழைய துணுக்குகள் சில கிடைத்தன, வார்த்தைகள்தான், அவை ஏற்கெனவே இருந்தவை. தேதி மட்டும் இல்லை. பட்டியலில் தேதி இருந்த அதே கட்டத்தில் புதுத் தேதி எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்து ஃப்ளாப்பி ஒரு கோப்புக்கு ஒரே ஒரு தேதியைத்தான் வைத்துக்கொள்ளும்.

நாலாம் நாள் காலை, கதவைச் சாத்திவிட்டு அவளிடம் சொன்னேன். "அறிக்கையில நானும் பாத்தேன்னு எழுதிடறேன். நான் அப்பதான் உள்ள வந்தேன், பட்டியல் தெரையில இருந்துச்சு, பதினாலாம் தேதின்னு ரெண்டு பேரும் பாத்தோம். அப்புறந்தான் நீ தெறந்த. யாருக்குத் தெரியப் போகுது?"

"உனக்குத் தெரியும்."

"எனக்கென்ன. ஓய்வுபெற ஆறு வருஷம். ரெண்டு சாட்சின்னா அவங்க மறுக்க முடியாது, ரென்ஸ்கெ."

"எங்க அப்பா பொய் சொல்றாருன்னு இத்தன வருஷம் நெனச்சிருந்தேன்," என்றாள். "அவர் சொன்னது நெசம்னு காட்டறதுக்கு இப்ப ஒரு பொய்யா? வேணாம்பா. வேலையப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. சரியாகத்தான் சொன்னாள், ஆனாலும் வருகிறது.

அறிக்கையை அவளே எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஓட்டையைச் சரிபார்க்கவில்லை. விதிப்படி விலகியிருக்க வேண்டிய கோப்பைத் திறந்தேன். பழக்கத்தால் சேமித்தேன். அதற்கு முன் பட்டியலில் 14-11-95, 16:12 என்று கண்டேன். கையெழுத்து. யோரின் அதைப் படித்துவிட்டு, நேர்மையாகச் சொல்ல வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்து அவர்கள் சட்டப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம் ஒரு பத்தி. பிறகு: தலைப்புத் தேதி தானாக மாறக்கூடியது என்பதை ஏற்கிறோம், ஆனால் அதனால் அழைப்பு எந்த நாளில் வந்தது என்பது நிரூபணமாகாது. கோப்பில் உறுதிசெய்யக்கூடிய ஒரே தேதி 21 செப்டம்பர் 2023. மற்றது, நெருங்கிய உறவினரான ஓர் ஊழியரின் நினைவு மட்டுமே. இத்தகைய உணர்ச்சிகரமான சூழலில் நினைவு கலங்குவது இயல்பு, அதற்காக அவர் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

அவள் அந்தக் கடைசி வரியை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். குறிப்பு நோயாளி சம்பந்தப்பட்டது, ஆகவே எழுபத்தைந்து வருஷப் பூட்டுக்குள் போயிற்று. அவளுடைய அறிக்கையும் அதோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

"அப்பாகிட்ட சொல்லணும்," என்றாள் அந்த வெள்ளிக்கிழமை. "சைக்கிள்ல அவ்வளவு தூரம் முடியாது. கொண்டு போய் விடறியா?"

சனிக்கிழமை மதியம் போனோம். டெர்க் ஹூக்செமாவுக்கு எண்பத்தாறு வயது, பண்ணைக் கிராமத்து முதியோர் இல்லத்தில் கீழ்த்தளத்து அறை. காது கேட்கும், புத்தி தெளிவு, கால் மட்டும் போய்விட்டது. காப்பி ஊற்றினார், ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார். என்னைக் காட்டி, "இது யாரு, மாப்பிள்ளையா? இம்புட்டு வயசாச்சா இவருக்கு?" என்றார்.

"கூட வேலை செய்யறவர், அப்பா."

"அப்ப சரி."

ரென்ஸ்கெ காப்பியைத் தொடவில்லை. "அப்பா, நீங்க செவ்வாக்கிழமதான் போன் பண்ணினீங்க," என்றாள்.

"அது எனக்குத் தெரியும்."

"நான் பாத்தேன். அந்தச் செயலாளர் எழுதி வெச்சது கெடச்சுது. பதினாலாம் தேதி, நாலு மணி பன்னெண்டு நிமிஷம்."

அவர் கப்பைக் கீழே வைத்தார். "நாலு பன்னெண்டா," என்றார். "நாலேகால்னு சொல்லிக்கிட்டிருந்தேன் நான். மூணு நிமிஷம் தப்பு." கையை நீட்டினார். "குடு, பாப்போம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டை, கேக், விரல்கள், மருத்துவமனைக் கடிதம். பால் லாரிக்காரருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள், ஒன்றையும் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. "அழிச்சிட்டேன், அப்பா. என் கையாலயே," என்று முடித்தாள்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒருவரும் இல்லை, ஈர வயல்தான். திரும்பாமலே, "அப்ப அந்தத் தேதியப் பாத்தது நீ மட்டுந்தான்," என்றார்.

"நான் மட்டுந்தான்."

"உன்ன யாராச்சும் நம்பறாங்களா?"

"இவர் நம்பறார்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ பாத்தியா, தம்பி?"

"இல்லீங்க. நான் வரதுக்குள்ள மாறிப் போச்சு."

"பாக்காமயே நம்பறியா?"

"ஆமா."

"எதுக்காக?"

"இவ சொல்றா. இவள எனக்குப் பத்தொம்பது வருஷமாத் தெரியும்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார், ஏதோ கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல. பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

"என்னை உனக்கு அப்ப இருபத்தேழு வருஷமாத் தெரியும், ரென்ஸ்," என்றார்.